உங்களுக்குத் தெரியுமா? மணலுக்கு மெஷின், உப்புக்கு ஈரத்துணி

ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் தூத்துக்குடி முத்தையாபுரத்தில் காலையில் கூட்டிய வீட்டை மதியமும் கூட்ட வேண்டும். வாரியல் பிடித்துக் கை ஓய்ந்தவர்கள் வாக்குவம் கிளீனரை விலை கேட்கத் தொடங்குவது இந்த மாதங்களில்தான். கடைக்காரர் வாட்ஸ் கணக்கை எடுத்து விடுவதற்கு முன் சில துணுக்குகள்:

★ பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 1,400 வாட்ஸ் என்பது மெஷின் குடிக்கும் மின்சாரம். தூசியை உறிஞ்சும் திறன் அல்ல. கால் மணி நேரம் ஓட்டினால் 0.35 யூனிட் ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு மெஷின்களுக்கு 2014 செப்டம்பரில் 1,600 வாட்ஸ் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட்ஸ் என்றும் உச்சவரம்பு கட்டியது. அதனால் அங்கே எந்த வீட்டிலும் குப்பை சேர்ந்துவிடவில்லை.

★ ‘வாக்குவம்’ என்றால் வெற்றிடம். ஆனால் மெஷினுக்குள் வெற்றிடம் எதுவும் உண்டாவதில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ‘20 கிலோபாஸ்கல் இழுவை’ என்று விளம்பரம் செய்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கிறது என்று பொருள். இளநீரில் ஸ்ட்ரா போட்டு நாம் செய்கிற வேலையேதான்.

★ குழாயின் வாயை உங்கள் உள்ளங்கையில் ஒட்டவைத்து, “எப்படி இழுக்குது பாருங்க சார்!” என்பார் விற்பவர். அடைத்த வாயில் தெரிவது அழுத்தம் மட்டும். மணலைத் தூக்கிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. இழுவையைக் கேட்ட கையோடு காற்றோட்ட அளவையும் கேளுங்கள்.

★ 1901-இல் லண்டனில் ஹூபர்ட் சிசில் பூத் உருவாக்கிய மெஷின் வீட்டுக்குள் நுழையாது. குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். நீளக் குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியே உள்ளே போகும். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது இதுதான்.

★ ஆக, இது கம்பளத்துக்குப் பிறந்த மெஷின். நம் வீட்டில் இருப்பதோ டைல்ஸ், மொசைக், சிவப்பு சிமென்ட் தரை. கம்பளத்தை அடித்துத் தூசி கிளப்பும் உருளை பிரஷ், வெறுந்தரையில் மணலை நாலா பக்கமும் தெறிக்கவிடும். பிரஷ் சுழல்வதை நிறுத்த சுவிட்ச் இருக்கிறதா, தரைக்கென்று தனி முனை தருகிறார்களா என்று பாருங்கள்.

★ மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. பளிங்குக் கல்லுக்கு 3. மணல் கிடக்கும் தரையில் மாப் போட்டு இழுத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். முதலில் மெஷின், பிறகு மாப்.

★ மரம் அறுக்கும் ஆலையில் தூள் பிரிக்கும் சுழல்காற்றுக் கூம்பைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசனுக்குப் பை இல்லாத மெஷின் யோசனை வந்தது. 5,127 மாதிரிகள் செய்த பிறகே அது சரிப்பட்டது. நெல் தூற்றும்போது பதர் பறக்க, மணி கீழே விழுகிறது அல்லவா? அதுபோலக் கூம்புக்குள் காற்று சுழல, கனமான மணல் ஒதுங்கிக் கீழே விழுந்துவிடும். மணல் அதிகம் சேரும் வீட்டுக்கு இந்த ரகம் தோது.

★ ஆனால் வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் பை வைத்த மெஷினே மேல். பை இல்லாத மெஷினின் டப்பாவைக் கவிழ்க்கும்போது பிடித்த தூசியில் கொஞ்சம் மூக்குக்கே திரும்பி வரும். பையை அப்படியே எடுத்து எறிந்துவிடலாம். 1908-இல் எடுத்துச் செல்லக்கூடிய மின்சார மெஷினுக்குக் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் ஸ்பாங்லர், அமெரிக்காவில் ஒரு கடையின் துப்புரவுப் பணியாளர். ஆஸ்துமாக்காரர். கூட்டினால் மூச்சு முட்டியதால் அவரே செய்துகொண்டது அது.

★ ‘ஹெப்பா’ வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். அதைவிடச் சின்னது தப்பிவிடுமா? இல்லை, இன்னும் எளிதாக மாட்டிக்கொள்ளும்! மிகச் சிறிய துகள்கள் நேராகப் போகாமல் தள்ளாடித் தள்ளாடிப் போய் வடிகட்டியின் இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. 0.3-தான் பிடிக்கக் கடினமான அளவு. அதனால்தான் பரீட்சை அதில். ‘ஹெப்பா மாதிரி’ என்று எழுதியிருந்தால் அந்தப் பரீட்சையை அது எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

★ விடிகாலையில் தரை பிசுபிசுக்கிறதா? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தரையில் படிந்த உப்பு, காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். உப்பளத்து உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு சுமார் 33 சதவீதமே போதும். ஒட்டிக்கொண்ட உப்பை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினும் இழுக்காது. ஈரத்துணி ஒரே துடைப்பில் எடுத்துவிடும். மெஷினை வெயில் ஏறியபின் எடுங்கள்.

★ 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டிய மழை சுமார் 95 செ.மீ. அந்த மழையில் தூத்துக்குடியில் சேறு புகுந்த வீடுகளைக் கழுவியவர்களுக்கு ‘வெட் அண்ட் டிரை’ மெஷினின் அருமை தெரியும். சாதாரண மெஷினில், உறிஞ்சிய காற்றே மோட்டாருக்குள் போய் அதைக் குளிர்விக்கிறது. தண்ணீர் போனால் மோட்டார் காலி. வெட் அண்ட் டிரையில் மோட்டாருக்குத் தனிக் காற்றுவழி உண்டு. டிரம் நிரம்பினால் உள்ளே ஒரு மிதவை எழுந்து இழுவையை அடைத்துவிடும்.

★ குழாய் அடைத்துக்கொண்டால் மெஷின் கீச்சென்று கத்தும். பாவம், திணறுகிறது என்று நினைப்போம். நேர்மாறு! தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் பாரம் குறைந்து விசிறி வேகமெடுக்கிறது. மின்சாரம்கூடக் குறைவாகத்தான் ஆகும். ஆனால் குளிர்விக்கும் காற்று நின்றுபோனதால் மோட்டார் சூடேறும். சத்தம் மாறினால் உடனே அணைத்துவிடுங்கள்.

★ கோலப்பொடி, திருநீறு, சாம்பிராணிச் சாம்பல் மூன்றும் வடிகட்டிக்கு எமன். மாவுபோல நுணுகி, துளைகளை அடைத்துவிடும். சாம்பலுக்குள் ஒரு கங்கு ஒளிந்திருந்தால் டப்பாவுக்குள் சேர்ந்த பஞ்சும் முடியும் பற்றிக்கொள்ளும்.

★ 2002-இல் அமெரிக்காவில் ‘ரூம்பா’ வந்ததிலிருந்து ரோபோக்கள் தானாகக் கூட்டுகின்றன. பெரும்பாலானவை ஏறக்கூடிய உயரம் சுமார் 2 செ.மீ. மட்டும். பழைய வீட்டு நிலைப்படி முன் அது மாட்டைப் போல முட்டிக்கொண்டு நிற்கும். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

★ 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் வாக்குவம் கிளீனரை வீடு வீடாகக் கொண்டுவந்து, ஓட்டிக் காட்டி விற்றது. உங்கள் தரையில், உங்கள் மெத்தையில் சோதித்துப் பார்த்தபின் பணம் கொடுத்தால் போதுமாயிருந்தது. இன்று கடையின் பளபளத் தரையில் ஓட்டிப் பார்த்து வாங்குகிறோம்; அந்தத் தரையில் எந்த மெஷினும் ஜெயிக்கும். அடுத்த முறை புறப்படும்போது, கூட்டிக் குவித்த உங்கள் வீட்டு மணலில் ஒரு பிடியைப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். கடையில் பிரித்துக் கொட்டி, “இதை எடுக்கச் சொல்லுங்க பார்ப்போம்” என்று கேளுங்கள்.