குழாயா, மாத்திரையா?

ஒருவருடைய மலம் இன்னொருவருக்கு மருந்தாகுமா? ஆகும்!

ஆண்டிபயாடிக் மருந்து, நோய்க்கிருமியோடு சேர்த்துக் குடலில் வாழும் நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். அந்த நேரம் பார்த்து ‘சி டிஃப்’ என்ற கிருமி பெருகினால், சிலருக்கு வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வரும். அப்போது, நன்கு பரிசோதிக்கப்பட்ட ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நல்ல கிருமிகளை மருத்துவர்கள் நோயாளியின் குடலுக்குள் சேர்க்கிறார்கள்.

எப்படி? ஆசனவாய் வழியே குழாய் விடலாம். உறைமாத்திரையாக விழுங்கவும் கொடுக்கலாம். கனடாவின் அல்பர்ட்டாவில் இரண்டையும் ஒப்பிட்டு, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். எந்த வழியில் கொடுத்தாலும், 100-க்கு 96 பேருக்குப் பன்னிரண்டு வாரம் வரை நோய் திரும்பவில்லை! மாத்திரை விழுங்கியவர்களுக்குச் சங்கடமும் குறைவு.

பெரிய மருத்துவமனைக்குத் தொலைவில், நம் கோல சிலாங்கூரின் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் வாழ்கிறவர்களுக்கு, எளிதாகும் எந்தச் சிகிச்சையும் நல்ல சேதிதானே!

ஆனால், இது வீட்டில் செய்து பார்க்கும் வைத்தியம் இல்லை. கோல சிலாங்கூர் நேயர்களே, ஆண்டிபயாடிக்கை மருத்துவர் சொன்னபடி மட்டும் சாப்பிடுங்கள். மீந்த மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.