இடது பெடலின் மரை

மாலை நாலரை மணிக்கு எந்த மேல்நிலைப்பள்ளியின் சைக்கிள் ஸ்டாண்டிலும் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். இடது பெடல் ஆடுகிறதே என்று பிளஸ் ஒன் பையன் ஒருவன் ஸ்பேனரை மாட்டி வலப்பக்கம் முறுக்குவான். எந்த போல்ட்டும் அப்படித்தானே இறுகும்? இது மட்டும் இன்னும் கழன்றுகொண்டு வரும். விடாமல் முறுக்கினால் பெடல் கையோடு வந்துவிடும். ஆட்களை 'மரை கழன்ற கேஸ்' என்று சொல்கிறோமே, அது இப்படியொரு வண்டியைப் பார்த்துத்தான் பிறந்ததோ என்னவோ.

சைக்கிளில் வலது பெடலுக்கு நேர்மரை, இடது பெடலுக்கு எதிர்மரை. மிதிக்கும்போது காலின் பாரம் பெடல் அச்சை அதன் துளைக்குள் சுற்றிச் சுற்றி அழுத்துகிறது. அந்த அழுத்தம் அச்சைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் திருகிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மரை இருந்தால் இடது பெடல் நாளடைவில் தானாகவே கழன்று விழும். ஸ்பேனரை நிமிர்த்தி மாட்டி ஹேண்டில்பார் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், சீட்டுப் பக்கம் இழுத்தால் கழலும். இவ்வளவுதான் சங்கதி. ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்திருந்த எல்லாப் பையன்களுக்கும் இது தெரிந்திருந்தது. குரங்கு பெடல் போட்டுப் பழகியதும் அந்தக் கடை வாசலில்தான்.

சைக்கிளின் சூட்சுமம் எல்லாம் இப்படி வெளியே தெரிகிறபடியே இருக்கிறது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று வந்தால் பின் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். 28 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. நடந்தால் ஏழு காலடி வைக்க வேண்டிய தூரம். இறக்கத்தில் மிதிக்காமல் விடும்போது டிக் டிக் என்று கேட்பது ஃப்ரீவீலுக்குள் இருக்கும் குட்டி நகங்களின் சத்தம். முன்னால் மிதித்தால் அவை பல்லைக் கவ்வும், மிதிப்பதை நிறுத்தினால் வழுக்கும். அழுக்கு ஏறி நகம் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு மிதித்தாலும் பெடல் சும்மா சுற்றும். பல சமயம் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாலே சரியாகிவிடும். தெரியாதவர்கள் புது ஃப்ரீவீல் வாங்குவார்கள்.

தமிழ்நாட்டில் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் விரிந்தது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் திட்டம் வந்ததால் உயர்நிலைப்பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது என்று பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆக, சைக்கிள் கொடுப்பது வீண் செலவு என்கிற பேச்சு எடுபடாது.

கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. புது வண்டியின் போக்ஸ் கம்பிகள் முதல் மாதத்திலேயே தளரும், இறுக்க வேண்டும். பெரம்பலூர் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் சீமைக் கருவேல முள் டியூபைச் சும்மா விடாது. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே போகிற பிள்ளைக்கு பிரேக் கட்டை தேய்ந்திருக்கவே கூடாது.

சைக்கிளைச் சொல்லிக்கொடுத்த முன்மாதிரி அருகிலேயே உண்டு. 1991இல் புதுக்கோட்டையில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். புதுக்கோட்டைக் கிராமங்களில் ஓட்டக் கற்றுக்கொடுக்க முகாம்கள் நடந்தன. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடானது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பினார்கள், முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே.

ஓட்டுவதோடு பழுது பார்ப்பதையும் சேர்த்துக் கற்பிக்கும் பட்டறைகள் வெளிநாடுகளில் நடக்கின்றன. அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய 'பைக்ஸ் நாட் பாம்ஸ்' பாஸ்டனில் இயங்கும் லாப நோக்கில்லாத அமைப்பு. போர் நடந்த நிகரகுவாவுக்குப் பழைய சைக்கிள்களை அனுப்பத்தான் அது உருவானது. இப்போது உள்ளூர் பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். பழைய வண்டி ஒன்றைப் பல வாரம் கழற்றிப் பூட்டிக் கற்றால் முடிவில் அந்த வண்டி அவர்களுக்கே. சுனாமிக்குப் பின் 2005இல் இலங்கையில் ஆயிரக்கணக்கான சைக்கிள்களைக் கொடுத்த 'வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்', பிறகு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனபோது வண்டியோடு வட்டார மெக்கானிக்குகளுக்கான பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. வண்டியை மட்டும் கொடுத்துவிட்டு வருவது பாதி வேலைதான்.

பழுது பார்ப்பது அப்படி என்ன பெரிய வித்தை? பெண்டு எடுப்பதைப் பாருங்கள். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். ஃப்ரேமில் கையை ஊன்றி ரிம்முக்கு அருகே சாக்பீஸை அசையாமல் பிடித்தால், ரிம் எங்கே பக்கவாட்டில் பிதுங்குகிறதோ அங்கே கோடு விழும். கோடு வலப்பக்கம் விழுந்தால் அந்த இடத்தில் வலப்பக்கத்துக் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, இடப்பக்கத்துக் கம்பிகளை இறுக்க வேண்டும். நிப்பிளை அரைச் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. அவசரப்பட்டவன் சக்கரத்தை முட்டை வடிவமாக்கிவிடுவான். மறுபடி சுழற்று, மறுபடி கோடு பார். பொறுமையும் விரல் உணர்வும் வேண்டிய வேலை. சாக்பீஸுக்குப் பள்ளிக்கூடத்தில் பஞ்சமில்லை.

பெரம்பலூர், அரியலூர் தலைமை ஆசிரியர்களும் நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியர்களும் இதை யோசிக்கலாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒரு மரத்தடி, ஒரு ஸ்பேனர் செட், நிப்பிள் சாவி, பம்பு, சொலுஷன், உப்புத்தாள், ஒரு சட்டி தண்ணீர். பிளஸ் டூ முடித்தவர்கள் வீட்டில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வண்டியைச் சரிசெய்கிற பிள்ளை, ஆணோ பெண்ணோ, அதை எடுத்துக்கொள்ளட்டும். சொல்லிக்கொடுக்க, ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவரைக் கூப்பிடுங்கள். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாமல், அன்றைய கூலியையும் கையில் கொடுங்கள்.