உஷார்! மினுமினுக்கும் ‘மாட்’ கேபினெட்டை அப்படியே பிளக்கில் சொருகாதீர்கள்

மொரப்பூர், அரூர், கம்பைநல்லூர் பக்கம் கம்ப்யூட்டரில் கேம் ஆடும் தம்பிகளுக்கும், அதற்குப் பணம் கொடுக்கும் அப்பா அம்மாவுக்கும் இந்த எச்சரிக்கை. யாரோ ஒருவர் துளை போட்டு, பக்கவாட்டில் கண்ணாடி பதித்து, கலர் விளக்கு ஒட்டி, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாட்டி, “போர்டை வைத்தால் போதும், ஓடும்” என்று விற்கிற ‘மாட்’ கேபினெட்டுக்கு, போட்டோவைப் பார்த்த சூட்டோடு ஜிபே பண்ணிவிடாதீர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேரில் போய் வாங்கினாலும் இதே பேச்சுதான். காசு போவது ஒரு பக்கம் இருக்கட்டும். இது 230 வோல்ட் ஏறும் இரும்புப் பெட்டி.

வெறும் பெட்டி எப்படித் தீப்பிடிக்கும் என்று கேட்பவர்கள் என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 கேபினெட் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020-ல் வந்தது. எஸ்எம்பிஎஸ், தண்ணீர் கூலர், கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் ரைசர் பலகை எல்லாம் கம்பெனியிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். அந்த ரைசரைக் கேபினெட்டோடு பிடித்து வைக்கும் திருகு, பலகைக்குள் ஓடும் 12 வோல்ட் தாமிரத் தடத்துக்கு மிக அருகில் இருந்தது. திருகு இறுகும்போது பலகையின் மேல்பூச்சு தேய்ந்தால், 12 வோல்ட் நேராக இரும்பில் பாயும். பலகை கருகும், தீயும் பிடிக்கும். பிடிக்கவும் செய்தது.

நிறுவனம் முதலில் நைலான் திருகு அனுப்பிச் சமாளிக்கப் பார்த்தது. கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற யூடியூப் சேனல் விடவில்லை. பலகையை மாற்றாமல் திருகை மட்டும் மாற்றினால், பின்னால் கைமாறி வாங்குகிறவன் விவரம் தெரியாமல் இரும்புத் திருகையே போட்டுவிடுவானே என்று பிடித்துக்கொண்டது. 2021 ஜனவரியில் விற்பனை நின்றது. பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. அந்த நாட்டில் மட்டும் ஏறத்தாழ 32,000 பெட்டிகள். இன்றைக்கு உங்களிடம் யாராவது பழைய எச்1-ஐ நீட்டினால், ரைசர் மாற்றியதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும், விலையெல்லாம் அப்புறம்.

எஞ்சினீயர்கள் கூடி வரைந்த பெட்டிக்கே ஒரு திருகால் இந்தக் கதி என்றால், வீட்டு மாடியில் டிரில்லிங் மெஷின் வைத்து ஓட்டை போட்ட பெட்டியை எந்த தைரியத்தில் நம்புவது? மாட் பண்ணுகிறவர்களில் கைதேர்ந்த கலைஞர்கள் உண்டு, மறுக்கவில்லை. விற்பவர் அந்த ரகமா என்பது போட்டோவில் தெரியாது.

பெட்டி கைக்கு வந்ததும் விளக்கைப் போட்டுப் பார்க்கத் துடிக்காதீர்கள். டார்ச் அடித்து, ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, வெட்டிய விளிம்புகள், மூலைகள், போர்டு உட்காரும் தட்டின் பின்பக்கம் என்று தடவுங்கள். ஊசி ஊசியாக இரும்புத் தூள் ஒட்டும். அதில் ஒன்று மதர்போர்டின் அடியில் போய் விழுந்தால் ஷார்ட்தான். அலுமினியத் தூள் காந்தத்தில் ஒட்டாது. அதற்கு பிரஷ்ஷும் பொறுமையும் வேண்டும். போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களையும் எண்ணுங்கள். உங்கள் போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் குமிழ் நின்றால், அது பின்பக்கத்தில் முட்டும். கழற்றி எறியுங்கள்.

அடுத்தது எர்த். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறோம். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டரின் அமைப்பு அப்படி: எர்த் சரியாக இல்லாவிட்டால் பாதி வோல்டேஜ் அளவுக்குப் பெட்டியின் மேல் வந்து நிற்கும். தொட்டால் ‘சுர்’ரென்று இழுப்பது அதனால்தான். “லேசான ஷாக், பழகிடும்” என்று சொல்பவரை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையை பவர் கார்டின் தடித்த நீளப் பின்னிலும், மறுமுனையை பெயின்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். சத்தம் வரவில்லையா? எஸ்எம்பிஎஸ் திருகு உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டாமல் மாட்டியிருக்கலாம். பெட்டி சரியாக இருந்தும் சுருக்கென்றால் வீட்டின் எர்த்தைப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை வருஷமாகிறது?

ஒயர் விஷயம் இன்னும் மோசம். விளக்குப் பட்டை 5 வோல்ட், மூன்று பின் வகையா, 12 வோல்ட், நான்கு பின் வகையா என்று பார்க்காமல் மாற்றிச் சொருகினால் பட்டை போய்விடும். அது போனாலும் பரவாயில்லை. கழற்றி மாட்டும் ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில், ஒரு கம்பெனி ஒயர் இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்துவராது. சொருகு கச்சிதமாக உட்காரும், உள்ளே வரிசை வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் ஹார்ட் டிஸ்க் அங்கேயே காலி, அதிலுள்ள கல்யாண போட்டோவும் சேர்த்து. ஒயர் எந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்ததோ அதோடு மட்டும்தான். “அழகுக்காக மாற்றினேன்” என்றால் உஷார்.

தண்ணீர் சுற்றும் மாட் என்றால் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு வார்த்தை. தருமபுரி நிலத்தடி நீரின் ஃபுளோரைடு காரணமாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீர் உப்பு படியாத குடம் இங்கே எந்த வீட்டில் இருக்கிறது? அந்தத் தண்ணீரை கூலரில் ஊற்றினால், மயிரிழை அகல வாய்க்கால்கள் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கேன் தண்ணீரும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரும், அதற்கான மருந்தும் கலந்ததுதான் சரி. தாமிர பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே சுற்றில் இருந்தால் வாங்கவே வேண்டாம், உள்ளிருந்தே அரித்துவிடும்.

கண்ணாடிக் கதவைக் கழற்றினால் டைல்ஸ் தரையில் நிறுத்தாதீர்கள். மூலையில் ஒரு தட்டு பட்டாலே மொத்தமும் பொடிப்பொடியாக உதிரும். மெத்தை மேல் படுக்க வையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, கிராபிக்ஸ் கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் இல்லாமல், சுவிட்ச் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஆன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் ஓடட்டும். கருகல் வாடையோ ஒயரில் சூடோ இருந்தால் விற்றவருக்கு அன்றே போன் போடுங்கள், பார்சலைப் பிரித்ததிலிருந்து எடுத்த வீடியோவோடு.