ஞானப்பல் அகற்றிய காயத்தை மூடுதல்

ஞானப்பல் என்பது பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் தாடையின் கடைசியில் முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப்பல் ஆகும். கீழ்த்தாடையில் சாய்ந்து புதைந்திருக்கும் ஞானப்பல்லை எடுக்க ஈற்றைக் கீறி விலக்கி, எலும்பையும் சிறிது அகற்ற நேரிடும். பிறகு அந்தக் காயத்தை மூட இரண்டு முறைகள் உள்ளன.

முதன்மை மூடலில் ஈற்றின் விளிம்புகள் முழுவதும் சேர்த்துத் தைக்கப்படுகின்றன. இரண்டாம்நிலை மூடலில் ஒரு சிறு திறப்பு விடப்படுகிறது. உள்ளே ஊறும் நீர் அதன் வழியே வடியும். இறுக்கித் தைத்தால்தான் விரைவில் ஆறும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் பல ஒப்பீட்டு ஆய்வுகளில், திறப்பு விடப்பட்டவர்களுக்கே தொடக்க நாட்களில் வலியும் வீக்கமும் சற்றுக் குறைவாக இருந்தன. திறந்த குழியில் உணவுத் துணுக்குகள் சேரும் என்பது அதன் குறை.

தையல் நூலும் முக்கியம். பட்டு நூலை ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிரிக்க வேண்டும். பாலிகிளாக்டின் போன்ற நூல் தானே கரைந்துவிடும். கூடலூர் வட்டத்தின் ஸ்ரீமதுரையில் இருந்து உதகை சென்று பல் எடுப்பவர், தையல் பிரிக்க மட்டும் 50 கிலோமீட்டருக்கு மேல் மீண்டும் மலையேற வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி. எந்த நூல் என்று அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த முறையில் மூடினாலும் காயத்தை ஆற்றுவது குழிக்குள் உறையும் குருதிக்கட்டிதான். அது கலையாதிருக்க முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளித்தல், காறித் துப்புதல், உறிஞ்சுகுழலில் குடித்தல் கூடாது. குளிருக்குக் கொதிக்கக் கொதிக்கக் கட்டன் சாயா குடிக்கும் வழக்கத்தையும் அன்று ஒதுக்கி, ஆறவைத்துப் பருகலாம். பீடி, புகையிலை, வெற்றிலை ஆகியவற்றைக் காயம் ஆறும்வரை தவிர்க்க வேண்டும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம்.

கட்டி கலைந்து எலும்பு வெளிப்பட்டால் அது உலர் பற்குழி எனப்படும். 1896இல் கிராஃபோர்டு இதை விவரித்தார். குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திரும்பிக் காதுவரை பரவுவது இதன் அடையாளம். பல் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி தணியும். வீக்கம் வழக்கமாக இரண்டு, மூன்று நாட்களில் உச்சம் அடைந்து வடியத் தொடங்கும். அதன் பிறகும் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஏற்பட்டால் இரவென்றும் பாராமல் மருத்துவமனை செல்ல வேண்டும்.

ஈறு சில வாரங்களில் மூடிக்கொள்ளும். அடியில் எலும்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும்.