எருக்குழியும் தீர்மானப் புத்தகமும்

ஐம்பது வருஷத்துக்கு முன் கோவையை அடுத்த சூலூர்ப் பக்கத்துக் காடுகளில் 'குப்பை' என்றால் எரு. "இந்த வருசம் காட்டுக்கு நாலு வண்டி குப்பை அடிக்கோணும்" என்று ஒருவர் சொன்னால், அவர் வெள்ளாமையைப் பற்றிப் பேசுகிறார் என்று பொருள். கட்டுத்தரையில் வாரிய சாணம், மாடு தின்று கழித்த சோளத்தட்டு, அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய மண் எல்லாம் ஒரே குழிக்குப் போகும். மழைக்கு முன்னால் குழி காலியாகிக் காடு முழுக்கக் கும்பல் கும்பலாகக் கிடக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக் கூரையைப் பார்க்கும் முன் எருக்குழியைப் பார்த்துவிட்டு வருவார்கள் என்று எங்கள் அம்மாயி சொல்லுவார். குழி ஆழமென்றால் பட்டியில் உருப்படி அதிகம், பெண் பட்டினி கிடக்க மாட்டாள் என்று கணக்கு.

இன்று கோவைக்காரர் யாரிடமும் அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர் மனத்தில் வெள்ளலூர்தான் வரும். சூலூருக்கு மேற்கே, நொய்யலுக்கு அருகே இருக்கும் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. 2024 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தபோது சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கைப் பற்றிய வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளின் பெயர், ஒரு தலைமுறைக்குள் காசு கொடுத்து ஒழிக்க வேண்டிய பொருளின் பெயராகிவிட்டது. இடையில் என்ன நடந்தது என்பதைவிட, அதை யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் என்னை வெகுநாளாகக் குடைகிறது.

அன்றைக்கு முடிவு செய்தவர்கள் விளைவோடு வாழ்ந்தவர்கள். குழி நிரம்பி அண்டை வீட்டு வாசலுக்கு வழிந்தால் அன்று சாயங்காலமே திண்ணையில் பேச்சு நடக்கும். வீதியில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருபவர் கையில் தராசு இருக்கும். எந்த உலோகத்துக்கு எவ்வளவு பழம் என்பது குழந்தைகளுக்கும் மனப்பாடம். ஓட்டைப் போசிக்கு ஈயம் பற்றவைப்பார்கள், அதற்கும் மேல் போனால்தான் பேரீச்சம்பழத்துக்கு. சோடா பாட்டில் கடைக்குத் திரும்பும். கிழிந்த சேலை தொட்டில் தூளியாகி, கரித்துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாகும். இதற்கெல்லாம் மறுசுழற்சி என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

குளத்துக்கும் அப்படியே. சூலூரின் பெரிய குளமும் சின்னக் குளமும் நொய்யல் வெள்ளத்தை வாய்க்கால் வழியாக வாங்கி நிறைகிறவை. மதகை எப்போது திறப்பது, வாய்க்கால் தூர் வார எந்த வீட்டிலிருந்து எத்தனை ஆள் என்பதை ஆயக்கட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கோடையில் குளம் வற்றினால் வண்டல் மண் மாட்டுவண்டியில் காட்டுக்குப் போகும். குளம் ஆழமாகும், காடு கொழுக்கும். ஒரே வேலையில் இரண்டு பலன். ஊரார் கூடிக் குளத்தைப் பராமரிக்கும் இந்தக் குடிமராமத்தை 1858-லேயே சென்னை மாகாண அரசு சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது.

கட்டாயம் என்ற சொல்லை நாம் தாண்டிப் போகக்கூடாது. அந்தத் திண்ணைச் சபையில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. மண் சுமந்த நிலமற்றவர்கள் உட்கார்ந்ததில்லை. செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் மலம் அள்ளுவதும் எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-லும் 2013-லும் இரண்டு சட்டம் வேண்டியிருந்தது. பழைய ஊர் சுத்தமாக இருந்தது என்று சொல்லும்போதெல்லாம், அது யாருடைய கையால் சுத்தமாயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நாம் நேர்மையானவர்கள்.

பிறகு மாடு குறைந்தது. காடு மனையாயிற்று. தூக்குப்போசி எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போன காலம் போய், சாம்பாரும் பாலித்தீன் பையில் வந்தது. எருக்குழியில் போட்டால் மக்காத பொருள் முதல்முறையாக வீட்டுக்குள் நுழைந்தபோது அதைப் பற்றிப் பேச ஒரு சபையும் இல்லை. திண்ணை இடிக்கப்பட்டு கார் நிறுத்தும் இடமாயிருந்தது.

சட்டம் பின்னால் ஓடி வந்தது. 1996-ல் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் விளைவாக 2000-ல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. 2003 டிசம்பர் 31-க்குள் கழிவைப் பதப்படுத்தும் வசதியை உண்டாக்க வேண்டும் என்று அவை கெடு வைத்தன. நாட்டில் பெரும்பாலான ஊர்கள் அந்தக் கெடுவைத் தவறவிட்டன. அவற்றுக்குப் பதிலாக 2016 ஏப்ரலில் வந்த விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம்.

இந்தத் தேதிகளை இன்னொரு தேதிக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் எந்தப் பேரூராட்சியிலும் வார்டு உறுப்பினர் கிடையாது, தனி அலுவலர்கள்தான். குப்பையைப் பிரிக்க வேண்டும், பை கொடுக்கக் கூடாது என்று ஊர்ப் பழக்கத்தையே மாற்றச் சொன்ன இரண்டு பெரிய ஆணைகளும் வேரூன்ற வேண்டிய நேரத்தில், வீதிக்காரர் போய்க் கதவைத் தட்டிக் கேட்க ஒரு ஆள் இல்லை. குப்பையைப் பிரித்துப் போடக் கொடுத்த வாளிகள் பல வீடுகளில் அரிசி போடவும் தண்ணீர் பிடிக்கவும் போனதற்கு மக்களைக் குறை சொல்வது எளிது. கூடிப் பேசாமல் வந்த வழக்கம் வீட்டுக்குள் நிற்காது.

இப்போது இருக்கும் ஏற்பாட்டில் நல்லதும் உண்டு. பேரூராட்சிகளின் 'வளம் மீட்புப் பூங்கா' என்ற பெயரை யார் வைத்தார்களோ, மனசறிந்து வைத்திருக்கிறார்கள். மக்குவது நீள் குவியலாகக் கிடந்து சூடேறி, புரட்டிப் போடப்பட்டு, சலித்து உரமாகிறது. மக்காதது கொட்டகையில் அட்டை, பாட்டில், தகரம் என்று பிரிகிறது. அந்த உரத்தை அள்ளி முகர்ந்தால் அம்மாயி வீட்டு எருக்குழி வாசம் வரும். ஒரே ஒரு வித்தியாசம், அன்றைக்கு வீட்டுக்காரி செய்த பிரிப்பை இன்றைக்குத் தூய்மைப் பணியாளர் குனிந்து செய்கிறார். சாணத்தோடு கண்ணாடிச் சில்லும் பிள்ளைகளின் டயப்பரும் கலந்து வந்தால் வெட்டுப்படுவது அவர் விரல்.

சூலூரைச் சுற்றிய பூமியில் மறுசுழற்சி ஒரு பெருந்தொழிலாகவே நடந்துகொண்டிருக்கிறது. இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நூற்பாலையில் பஞ்சைச் சுத்தம் செய்யும்போது கீழே விழுவது, பஞ்சைச் சீவும் கோம்பர் எந்திரத்தில் கழிவது, திருப்பூர் பனியன் கம்பெனியில் வெட்டிப் போட்ட துண்டுத்துணி எல்லாம் கழிவுப்பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களுக்கு வருகின்றன. துண்டுத்துணியைக் கலர் வாரியாகப் பெண்கள் பிரிக்கிறார்கள். பச்சைத் துணி பச்சைப் பஞ்சாகி, பச்சை நூலாகவே வெளிவரும். புதிதாகச் சாயம் போட வேண்டியதில்லை, சாயக்கழிவும் இல்லை. குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில் உருகிப் பாலியெஸ்டர் இழையாகி இதே பஞ்சோடு கலக்கிறது. அந்த நூலில்தான் லுங்கியும் போர்வையும் காடாத் துணியும் தறியேறுகின்றன. கழிவுப்பஞ்சின் விலை ஏறி, மின்கட்டணமும் ஏறி, கட்டுப்படியாகாமல் 2023 ஜூலையில் இந்த மில்கள் உற்பத்தியை நிறுத்தியபோது, 'கழிவு' என்ற சொல்லுக்கு இங்கே எவ்வளவு கனம் என்று தெரிந்தது. கழிவுக்கு விலை ஏறியதால் நின்ற தொழில் அது.

திருச்சி ரோட்டோரம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். எந்தப் பிளாஸ்டிக் எந்தப் பிளாஸ்டிக்கோடு சேரும் என்பதைக் கையில் கசக்கிச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். குப்பை பற்றிய கூட்டம் எதற்காவது உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். "நம்மளை எதுக்குங்க கூப்புடறாங்கோ? லைசென்ஸ் கேட்டுத்தானுங்க வருவாங்கோ" என்றார்.

2016 விதிகளின் 23-ஆவது விதி மாநில அளவில் ஓர் ஆலோசனைக் குழு வேண்டும் என்றது. அதில் உள்ளாட்சிகளின் பிரதிநிதிகளோடு, கழிவு சேகரிப்போருக்காகவோ திடக்கழிவு மேலாண்மைக்காகவோ உழைக்கும் அமைப்புகளின் சார்பில் இருவர், மறுசுழற்சித் தொழிலின் சார்பில் ஒருவர் உட்கார வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்றும் அதில் இருந்தது. மாநிலத்துக்கு நல்லது என்று எழுதியவர்கள் ஊருக்கும் அதையே எழுதியிருக்கலாம். பழைய இரும்புக் கடைக்காரரும், கலர் பிரிக்கும் அக்காவும், தூய்மைப் பணியாளரும், கடைசி மதகுக்காரரும் ஊர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், எந்தப் பொருளுக்கு வாங்க ஆள் இருக்கிறது, எதற்கு இல்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். புனேயில் கழிவு சேகரிப்போர் 1993-ல் சங்கம் வைத்தார்கள். 2008-ல் அவர்களுடைய 'ஸ்வச்' கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கத் தொடங்கியது. நீலகிரியில் 2022-ல் காலி மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்று வைத்ததும் காட்டுக்குள் யானைகளின் காலைக் கிழித்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. ஏற்பாடு கோவைக்கும் வந்தது. பேரீச்சம்பழக்காரர் தராசின் தத்துவம்தான் அது.

நமக்குச் சபையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்துக் கலங்கல் ஊராட்சியில் இருப்பவர் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபையில் எழுந்து நிற்கலாம். முன்பு நான்குதான்; உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் 2022-ல் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பர் 1-ல் நகர்ப்புறத்துக்கென்று பகுதி சபை தொடங்கி, முதலமைச்சர் சென்னையை ஒட்டிய பம்மலில் மக்களோடு உட்கார்ந்து கேட்டார். நகர்ப்புற உள்ளாட்சிகளின் வேலைகளாக அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை திடக்கழிவையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. மாவட்டத் திட்டக்குழு சுற்றுச்சூழலைக் கணக்கில் எடுத்தே திட்டம் போட வேண்டும் என்றும் அரசியலமைப்பு எழுதியிருக்கிறது. ஆனால் சூலூரையும் உள்ளடக்கிய கோவை உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் முழுமைத் திட்டம் 1994-ல் ஒப்புதல் பெற்றது. அடுத்ததன் வரைவு 2024-ல்தான் மக்கள் கருத்துக்கு வந்தது. முப்பது வருஷம். அதற்குள் ஒரு தலைமுறை காட்டை விற்று, வீடு கட்டி, வாடகைக்கும் விட்டுவிட்டது.

நதி அதுவரை காத்திருக்கவில்லை. மேலே கோவை நகரத்தின் சாக்கடை நொய்யலில் கலக்கிறது. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி, நஞ்சுண்டாபுரத்தில் 4 கோடி என்று சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. ஆனாலும் வெள்ளம் இல்லாத மாதங்களில் ஆற்றின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு மிச்சம் தெரியும். கீழே திருப்பூரின் சாயம். 1992-ல் பாசனத்துக்கென்று வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை அங்கே வலுப்பட்டது. மேலூருக்கும் கீழூருக்கும் நடுவில் சூலூர்க் குளங்கள். மேலே விடுவதை நாம் தடுக்க முடியாது, கீழே போவதற்கு நாமும் பொறுப்பு. ஒரு பேரூராட்சி தனியாக உட்கார்ந்து முடிவெடுக்க முடியாத விஷயம் இது.

வண்டல் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. விவசாயிகள் அதை இலவசமாக எடுக்க 2017-ல் வழி திறந்தது, 2024-ல் அனுமதி வட்டாட்சியர் அளவுக்கே இறங்கியது. போன கோடையில் எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. மண்ணை அள்ளும் முன் இரண்டு பெண்கள் கையாலேயே கேரி பேக்குகளை உருவிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஏர்க்கொழுவில் சிக்கும், வேர் கீழே இறங்காது என்றார்கள். பாட்டில்களைப் பழைய இரும்புக் கடைப் பையன் சாக்கில் கட்டி எடுத்துப் போனான். பையை மட்டும் தொடவில்லை. "இதுக்கு வெலை இல்லீங்க" என்றான்.

இதை யார் எடுப்பார்கள் என்று அந்தப் பெண்களில் மூத்தவர் என்னைக் கேட்டார். குளம் ஒரு துறை, கரைமேல் போகும் ரோடு இன்னொரு துறை, வீதி உள்ளாட்சி. யோசித்துப் பார்த்தும் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காற்றில் மறுபடி குளத்துக்குள் போகாமல் இருக்கட்டும் என்று குவியலின் மேல் நாலு கல்லை எடுத்து வைத்தார்.