பனிச்சேறும் பழியும்: 11 ஆண்டுகள் போராடிய விமானி ஜேம்ஸ் தெயின்

இரண்டாம் உலகப் போரின்போது பயிற்சி பெற்ற விமானிகள் பலர், போருக்குப் பின் பயணிகள் விமானங்களின் கேப்டன்களாயினர். பிரிட்டனின் ஜேம்ஸ் தெயின் அவர்களுள் ஒருவர். அரச விமானப்படையில் சார்ஜெண்டாகப் பணியாற்றி, 1944-இல் அதிகாரியாக உயர்ந்த அவர், பின்னர் பிரிட்டிஷ் ஐரோப்பிய விமான நிறுவனத்தில் (பி.இ.ஏ.) சேர்ந்தார். ஒரே ஒரு விபத்து அவரது பணிவாழ்வை முடிவுக்குக் கொண்டுவந்தது.

1958 பிப்ரவரி 6 அன்று, பெல்கிரேடில் விளையாடிவிட்டுத் திரும்பிய மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியினருடன் வந்த அவரது விமானம், எரிபொருள் நிரப்புவதற்காக மியூனிக் நகரில் தரையிறங்கியது. மீண்டும் புறப்படுகையில் என்ஜின் அழுத்தம் சீராக இல்லாததால் முதல் இரு முயற்சிகள் கைவிடப்பட்டன. மூன்றாம் முயற்சியில் விமானம் மேலெழாமல் ஓடுபாதையைத் தாண்டிச் சென்று ஒரு வீட்டின் மீது மோதியது. விமானத்தில் இருந்த 44 பேரில் 23 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 8 பேர் அந்த அணியின் வீரர்கள். போரில் விருது பெற்ற விமானியான துணைக் கேப்டன் கென்னத் ரேமென்ட்டும் சில வாரங்களுக்குப் பின் உயிரிழந்தார்.

இறக்கைகளில் படிந்திருந்த பனிக்கட்டியை அகற்றாததே விபத்துக்குக் காரணம் என மேற்கு ஜெர்மனியின் விசாரணை முடிவு செய்தது. இதனால் விமானத் தலைவர் என்ற முறையில் பழி தெயின் மீது விழுந்தது. புறப்படுவதற்கு முன் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்றில் இறக்கைகள் வெண்மையாகத் தோன்றியது இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

ஆனால் விமானத்தின் வேகம் வேறொன்றை உணர்த்தியது. ஓட்டத்தை நிறுத்த முடியாத கட்டமான 117 நாட் வேகத்தை (மணிக்கு சுமார் 217 கி.மீ.) எட்டிய விமானம், மேலும் வேகம் கூடாமல் 112 ஆகவும், பின்னர் 105 ஆகவும் குறைந்தது. மேலெழுவதற்கோ 119 நாட் தேவை. இறக்கையில் படியும் பனிக்கட்டி முக்கியமாக மேலெழும் ஆற்றலைக் குறைக்கும். தரையில் ஓடும் விமானத்தைத் திடீரெனப் பின்னிழுப்பது சக்கரங்களைத் தடுக்கும் பனிச்சேறே. ஓடுபாதையின் கடைசிப் பகுதியில் அத்தகைய சேறு கலையாமல் கிடந்தது.

பனிச்சேற்றின் இந்த ஆபத்து அக்காலத்தில் போதிய அளவு அறியப்படவில்லை. போர்க்காலத் தலைமுறை நன்கறிந்த டகோட்டா போன்ற வால்சக்கர விமானங்களை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. மூக்குச் சக்கரம் கொண்ட புதிய வகை விமானங்களே அதில் எளிதில் சிக்கின.

இதற்கிடையே, 1960 இறுதியில் பி.இ.ஏ. நிறுவனம் தெயினைப் பணிநீக்கம் செய்தது. இறக்கைகளைச் சோதிக்கவில்லை என்பதோடு, கேப்டனுக்குரிய இடப்புற இருக்கையை ரேமென்ட்டுக்குக் கொடுத்ததும் விதிமீறலாகக் கூறப்பட்டது. கோழிப்பண்ணை நடத்திக்கொண்டே தெயின் தம் வழக்கைத் தொடர்ந்தார். புகைப்படத்தின் மூலப்படிவம் ஆராயப்பட்டபோது, இறக்கைகளில் தெரிந்த வெண்மை சூரிய ஒளியின் பிரதிபலிப்பே எனத் தெரியவந்தது.

1969-இல் பிரிட்டன் அமைத்த விசாரணைக் குழு, பனிச்சேறே விபத்துக்குக் காரணம் என்றும், தெயின் மீது குற்றமில்லை என்றும் அறிவித்தது. ஆயினும் அவர் விமானப் பணிக்குத் திரும்பவில்லை. 1975-இல் மாரடைப்பால் காலமானார்.

விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் மீண்டும் விபத்து நேராமல் தடுப்பதே, எவர் மீதும் பழி சுமத்துவது அன்று என்பது இன்று சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு விமான விபத்து விசாரணை விதிகளும் இதையே கூறின. உயிரிழந்தோர் குடும்பங்களுக்கும், உயிர்பிழைத்த விமானிக்கும் தேவையானது உண்மையான காரணமே. விரைவில் ஒருவரைக் குற்றவாளியாக்கினால், அந்தக் காரணம் அடுத்த ஓடுபாதையிலும் அப்படியே காத்திருக்கும்.