மஞ்சள் தொண்டைச் சின்னானின் வாழிடத் தேவைகள்

மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் பறவை இனமாகும். இது நம் ஊர்த் தோட்டங்களில் காணப்படும் கொண்டைக்குருவியின் உறவினம். இதன் அறிவியல் பெயர் பிக்னோனோட்டஸ் சாந்தோலீமஸ். 1845இல் தாமஸ் ஜெர்டான் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியுள்ளது. திண்டுக்கல்லை அடுத்துள்ள சிறுமலை, இப்பறவை காணப்படும் இடங்களுள் ஒன்று.

தோற்றம்

சுமார் 20 செ.மீ. நீளமுள்ள இப்பறவைக்குக் கொண்டை இல்லை. உடல் சாம்பல் நிறம். தொண்டையும் வாலின் அடிப்பகுதியும் பளிச்சென்ற மஞ்சள். கூச்ச சுபாவம் உடையதால், கண்ணில் படுவதற்கு முன் குரலே காதில் விழும்.

வாழிடம்

அடர்ந்த மழைக்காடு இதற்கு ஏற்றதன்று. திறந்த சமவெளியும் ஏற்றதன்று. பெரும் பாறைகள் குவிந்த குன்றுச் சரிவுகளும் அவற்றை ஒட்டிய முட்புதர்க் காடுகளுமே இதன் இருப்பிடம். நந்தி மலை, ஏற்காடு, சின்னாறு ஆகிய இடங்களிலும் இதே வகை நிலத்தில்தான் இது காணப்படுகிறது.

பாறையும் புதரும் சேர்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. பாறை மீது விழும் மழைநீர் வழிந்து இடுக்குகளிலும் அடிவாரத்திலும் சேர்கிறது. அங்கு மண்ணில் ஈரம் நீடிப்பதால், வறண்ட மலையிலும் புதர்களும் அத்தி இன மரங்களும் வேரூன்றுகின்றன. அவற்றின் பழங்களும் பூச்சிகளும் இப்பறவையின் உணவு. புதர்கள் மறைவிடமும் தருகின்றன.

அச்சுறுத்தல்கள்

கருங்கல் குவாரிகள் முதன்மையான அச்சுறுத்தல். விறகுக்காகப் புதர்களை வெட்டுதல், காட்டுத்தீ, மிகையான மேய்ச்சல் ஆகியவையும் வாழிடத்தைச் சுருக்குகின்றன. இவ்வினம் தனித்தனிக் குன்றுகளில் சிதறி வாழ்கிறது. ஆகவே ஒரு குன்று அழிந்தால் அங்குள்ள பறவைகள் நெடுந்தொலைவிலுள்ள மற்றொரு குன்றைத் தேடிச் செல்வது கடினம்.

வெட்டிய புதர் சில மழைக்காலங்களில் மீண்டும் துளிர்க்கும். உடைத்த பாறை வளராது. குவாரிக் குழியைச் சுற்றி மரக்கன்றுகள் நட்டாலும் பாறைச் சரிவின் ஈடாகாது.

பாதுகாப்பு

முட்புதர் மலைகள் பயனற்ற தரிசு என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. இக்கருத்து மெல்ல மாறி வருகிறது. 2022இல் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்காக ஒரு வறண்ட காட்டைக் காக்க முடிந்ததுபோல, இச்சின்னானுக்காகப் பாறைக் குன்றுகளையும் காக்க முடியும். அதற்கு, குவாரி உரிமம் வழங்கும் முன்பே அக்குன்றில் இப்பறவை உள்ளதா என ஆராய்வது முதல் தேவை.